அப்பப்பா ஏறிய கப்பல் எது?
வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே விடயத்தைச் சுற்றியே நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ‘நேவியில் இருந்தவர்’ என்று வீட்டில் சொல்லப்படும் ஒருவர், கையில் ஒன்றிரண்டு கடதாசி, மீதி எல்லாம் செவிவழிக் கதை. ஆகையால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.

தண்ணீரூற்றிலிருந்து ஒரு வாசகி: எங்கள் அப்பப்பா ‘ஹைஃப்ளையர்’ என்ற கப்பலில் போனவர். அது திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்டுத் தாண்டதாம். அவர் நீந்திக் கரை சேர்ந்தாராம். பிறகு ஓர் இத்தாலியக் கப்பலைச் சண்டை பிடித்துக் கைப்பற்றினார்களாம். இதெல்லாம் அப்பாச்சி சொன்னது. 2009இல் றங்குப்பெட்டியோடு எல்லாம் போய்விட்டது. கனடாவிலுள்ள சித்தப்பாவிடம் சேவைச் சான்றிதழின் ஒரு பக்கப் பிரதி மட்டும் இருக்கிறது. அதில் கப்பல் பெயர் எழுதும் கட்டத்தில் ‘லங்கா’, ‘ஹைஃப்ளையர்’ என்ற இரண்டு பெயர்கள்தான் உண்டு. கதை உண்மையா?

பதில்: மொத்தக் கதைக்கும் சேர்த்து ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. அப்பாச்சி சொன்னதில் நாலு கூற்றுகள் இருக்கின்றன: இன்ன கப்பல், அது மூழ்கியது, அவர் நீந்தினார், இத்தாலியக் கப்பலைப் பிடித்தார். நாலையும் ஒரு தாளில் தனித்தனியே எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் கப்பல். ஹைஃப்ளையர் என்பது திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் பெயர். லங்கா கொழும்புத் தளத்தின் பெயர். இரண்டும் கரையில் நின்றவை, கட்டடங்கள். பிரித்தானியக் கடற்படையில் ஒவ்வோர் ஆளும் ஏதாவதொரு ‘கப்பலின்’ பேரேட்டில் இருந்தாக வேண்டும். சம்பளமும் தண்டனையும் உடுப்பும் அந்தப் பேரேட்டின் வழியாகத்தான் வரும். அதனால் தளத்துக்கே கப்பல் பெயர் சூட்டி, கப்பலாகவே நடத்தினார்கள். பொறி எங்கே என்றால், இணையத்தில் ‘ஹைஃப்ளையர்’ என்று தேடினால் உண்மையான ஒரு போர்க்கப்பல் கிடைக்கும். 1898இல் கடலில் இறக்கப்பட்ட குரூசர் அது. 1914இல் ஒரு ஜெர்மன் கப்பலை மூழ்கடித்துப் பெயர் வாங்கியது, 1921இல் விற்கப்பட்டுவிட்டது. அதன் படத்தை எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிடாதீர்கள். உங்கள் அப்பப்பா அதில் ஏறியிருக்க முடியாது.

ஆகவே ‘ஹைஃப்ளையர் மூழ்கியது’ என்ற கூற்று நிற்காது. ஆனால் இதிலிருந்து ‘அப்பப்பா கடலுக்கே போகவில்லை, கந்தோரில் இருந்தவர்’ என்று முடிவு கட்டுவது அதைவிடப் பெரிய பிழை. சிறிய கலங்களுக்குத் தனிப் பேரேடு கிடையாது. இழுவைப் படகு, கண்ணிவாரிக் கலம் (கடலில் கண்ணிவெடி வாருவது), ரோந்துப் படகு ஆகியவற்றில் போனவர்களின் கணக்குத் தளத்தில்தான் இருக்கும். சான்றிதழின் கப்பல் கட்டத்தில் தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயர் பொடியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர் ஏறிய கலம் உள்ளே இருக்கும் பெயர். வெளியே இருப்பது கணக்கு வைத்த இடம். மங்கலான போட்டோப் பிரதியில் முதலில் அழிந்துபோவதும் இந்த அடைப்புக்குறிதான். சித்தப்பாவிடம் பிரதியின் பிரதியைக் கேட்காதீர்கள். கையிலுள்ளதை 300 டி.பி.ஐ.யில், வண்ணத்தில், நேராக வைத்து ஸ்கான் பண்ணி அனுப்பச் சொல்லுங்கள். இந்தச் சான்றிதழுக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு பக்கந்தான் வந்திருக்கிறது என்றால் பாதித் தகவல் இன்னும் கனடாவில் கிடக்கிறது.

அடைப்புக்குறிக்குள் என்ன பெயர்களை எதிர்பார்க்கலாம்? இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை 1938 ஜனவரி 1இல் தொடங்கியது. போர்க் காலத்தில் அது பிரித்தானியக் கடற்படையின் கீழ் இலங்கை ரோயல் நேவித் தொண்டர் சேமப்படையாக மாறியது. போரின் தொடக்கத்தில் கொழும்புத் துறைமுகத்தின் சாம்சன், கோலியாத் என்ற இழுவைப் படகுகளை இந்தப் படையினர் ஓட்டினார்கள். பிறகு வந்தவை ஓவர்டேல் வைக், ஒகாப்பி, செம்லா, சம்பூர், ஹொக்சா, பால்டா ஆகியவை. இவற்றில் பல றோலரும் திமிங்கில வேட்டைக் கலமுமாகும். றோலர் என்றதும் முல்லைத்தீவுக்காரருக்கு இழுவைமடி ஞாபகம் வந்து கோபமும் வரும். அதே மாதிரிக் கலந்தான், மடிக்குப் பதிலாகக் கண்ணிவெடி வாரும் வடம். இந்தப் பெயர்களில் ஒன்று அகப்பட்டால் அப்பப்பா உண்மையிலேயே கடலோடியவர்.

இரண்டாவது, குண்டு. யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. திருகோணமலையைத் தாக்கியது ஏப்ரல் 9, வியாழக்கிழமை. இரண்டும் சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய நாள்கள். ‘வருசத்துக்குக் கொஞ்சம் முந்தி’ என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் அந்த ஞாபகத்தை நம்பலாம். கொழும்புத் துறைமுகத்தில் டெனிடொஸ், ஹெக்டர் என்ற கப்பல்கள் மூழ்கின. திருகோணமலையில் சகாயிங் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது, எரிபஸ் என்ற போர்க்கப்பல் சேதமடைந்தது. விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மீஸ் அன்று துறைமுகத்தில் இல்லை. தாக்குதல் வருமென்று முதல்நாள் இரவே வெளியேறி, 9ஆம் திகதி முற்பகலில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்து தப்பியவர்களில் மிகப் பெரும்பாலோரை வைத்தியசாலைக் கப்பலான வீட்டா ஏற்றிக்கொண்டு போனது.

‘திருகோணமலையில் தாண்ட கப்பல்’ என்று வடகிழக்கில் சொல்லப்படும் கதைகளில் கணிசமானவை ஹெர்மீஸின் கதைதான். ஊர் மாறி, கப்பல் பெயர் மாறி வந்திருக்கும். சரிபார்ப்பது சுலபம். ஹெர்மீஸ் பெரிய கப்பல், தனிப் பேரேடு உள்ளது. அதில் இருந்தவரின் சான்றிதழில் ‘ஹெர்மீஸ்’ என்றே எழுதி, ‘வரை’ என்ற கட்டத்தில் 9 ஏப்ரல் 1942 போட்டு, அடுத்த வரியில் ஒரு தளம் வரும். உங்கள் பிரதியில் அந்த வரி இல்லை. ஆகவே அவர் ஹெர்மீஸ் மாலுமி அல்ல. இனி ‘இருந்து’, ‘வரை’ என்ற இரண்டு திகதிக் கட்டங்களையும் பார்த்து, 1942 ஏப்ரல் முதல் பத்து நாள் எந்த வரிக்குள் விழுகிறது என்று குறியுங்கள். லங்கா வரிக்குள் விழுந்தால் அவருடைய கணக்கு கொழும்பில். அப்படியானால் அவர் கண்ட குண்டு 5ஆம் திகதிக் குண்டாக இருக்க இடமுண்டு. அந்தப் பத்து நாளுக்குப் பிறகுதான் சேர்ந்திருக்கிறார் என்றால் குண்டுக் கதை பிறரிடம் கேட்டது.

நீந்தியது பற்றிச் சான்றிதழ் ஒன்றும் சொல்லாது. நீச்சல் சோதனையில் தேறினாரா என்று பதியும் ஓர் இடம் மட்டும் அதில் உண்டு. அது வெறுமையாக இருப்பதை வைத்து ‘நீந்தத் தெரியாதவர்’ என்று சொல்லவும் கூடாது; கடலோரத்துப் பிள்ளையின் நீச்சலைக் கடற்படை எழுத்தர் வந்தா அளந்தார்?

கடைசியாக இத்தாலியக் கப்பல். ஆச்சரியப்படுவீர்கள், நாலு கூற்றில் மிகவும் கற்பனை போலத் தெரியும் இதற்குத்தான் வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது. இத்தாலி 1943 செப்டெம்பர் 8இல் போர்நிறுத்தம் அறிவித்தது. கிழக்குக் கடலில் நின்ற எரித்திரியா என்ற இத்தாலியக் கப்பல் கொழும்புக்கு வந்து சரணடைந்தது. அதை ஏற்று, ஆள் போட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த வேலை இலங்கைத் தொண்டர் சேமப்படைக்குக் கிடைத்தது. சண்டை நடக்கவில்லை. 1943 செப்டெம்பரில் அவர் லங்கா பேரேட்டில் இருந்தாரானால் ‘எரித்திரியா சரணடைந்த காலத்தில் கொழும்புத் தளத்தில் சேவையில் இருந்தார், அதை ஏற்ற குழுவில் இருந்ததாகக் குடும்பம் சொல்கிறது’ என்று எழுதலாம். அந்தக் குழுவில் இருந்தார் என்று ஆவணத்தின் பேரில் எழுத முடியாது. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விட்டுவிட்டால் இவ்வளவு பாடும் வீண்.

மற்றச் சுருக்கக் குறிகள்: நடத்தைக் கட்டத்தில் ‘வி.ஜி.’ என்றால் மிக நன்று, வழமையாக எல்லாருக்கும் விழுவது. திறமைக் கட்டத்தில் ‘சற்.’ திருப்தி, ‘சுப்.’ அதற்கு மேல். ‘டி.டி.’ சேவையில் இறந்தவர். ‘ரன்’ என்றிருந்தால் தப்பியோடியவர். அப்படி ஏதும் கண்ணில் பட்டால் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்வதா விடுவதா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

பரந்தனிலிருந்து ஒரு வாசகர்: எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அம்மப்பா 2006இல் காலமானார். லண்டனுக்கு எழுதினால் ஆவணம் கிடைக்குமா?

பதில்: அவர் பிரித்தானியக் கடற்படையின் கீழ் சேவை செய்தவர் என்றால் முயலலாம். ஆனால் எழுதுவதற்கு முன் இங்கே செய்யவேண்டிய வேலை இருக்கிறது. பெரும்பாலான விண்ணப்பங்கள் ‘பதிவு காணப்படவில்லை’ என்று திரும்பி வருவது பெயராலேதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. கந்தையா மகன் சின்னத்தம்பி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைக்கார எழுத்தர் கடைசியில் நிற்பதைக் குடும்பப் பெயராக எடுப்பார். யாராவது மாற்றிச் சொல்லியிருந்தால் கந்தையா குடும்பப் பெயராகியிருக்கும். ஆகவே இரண்டின் கீழும் தேட வேண்டும். அடுத்தது எழுத்துக்கூட்டல். சின்னத்தம்பியின் முதலெழுத்து எஸ் ஆகவோ சி.எச். ஆகவோ இருக்கலாம். நடுவிலுள்ள ‘த்த’ தனி டி, டி.எச்., இரட்டை டி என்று மூன்று விதம். கடைசி எழுத்து ஐ அல்லது வை. இரண்டு, மூன்று, இரண்டு: பெருக்கினால் பன்னிரண்டு. பன்னிரண்டையும் ஒரு தாளில் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். பிறந்த திகதியும் ஓரிரு வருடம் முன்னே பின்னே இருக்கும். சேர வயது காணாது என்று கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. எனவே ‘இந்தத் திகதி, இரண்டு வருடம் கூடக் குறைய’ என்று குறிப்பிடுங்கள்.

சேவை இலக்கம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பழைய கடிதம், உடுப்பிலுள்ள அச்சு, வங்கிப் புத்தகம், திருமணப் பதிவில் தொழில் எழுதிய இடம் எல்லாவற்றையும் பாருங்கள். ரோயல் நேவி இலக்கத்தின் முன்னெழுத்தே தொழிலைக் காட்டும்: ஜே.எக்ஸ். என்றால் கப்பலின் மேல்தட்டு மாலுமி, கே.எக்ஸ். நெருப்பறை ஆள், எல்.எக்ஸ். அதிகாரிகளின் சமையலாள் அல்லது பரிசாரகர். கதையில் அவர் ‘பீரங்கி சுட்டவர்’, இலக்கத்தில் எல்.எக்ஸ். என்றால் இரண்டும் பொருந்தலாம்; தாக்குதல் நேரத்தில் சமையலாளும் குண்டு எடுத்துக் கொடுத்தார்.

அடுத்தது இறப்புச் சான்றிதழ். பிரதேச செயலகத்தில் பிரதி எடுங்கள். பதிவு இலக்கமோ திகதியோ தெரியாவிட்டால், காலத்தை ஓரளவு குறித்துக் கொடுத்துப் பதிவேட்டைத் தேடுமாறு கேட்கலாம். இடப்பெயர்வில் மாவட்டப் பதிவேடு அழிந்திருந்தால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவணக் காப்பறையில் கேளுங்கள். இறப்பே பதியப்படவில்லை என்றால் காலங்கடந்த பதிவை முதலில் முடித்துக்கொண்டுதான் அடுத்த அடி வைக்க வேண்டும். தமிழில் உள்ள சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பெயரை அவர் புதிதாகப் பதின்மூன்றாவது விதமாக எழுதிவிடாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

நீங்கள் பேரன் என்பதற்குத் தாயாரின் பிறப்புச் சான்றிதழும் உங்களுடையதும் வேண்டும். இது உங்கள் விடயத்தில் முக்கியம். இறந்து 25 ஆண்டு கழியாதவரின் ஆவணத்தை, மிக நெருங்கிய உரித்தாளரின் சம்மதம் இல்லாமல் பிறருக்கு முழுதாகக் கொடுக்கமாட்டார்கள். பெயர், இலக்கம், தரம், இருந்த இடம் போன்ற சிலது மட்டும் வரும். அம்மப்பா 2006இல் இறந்ததால் இந்த எல்லை 2031 வரை நிற்கிறது. அம்மா இருக்கிறார் என்றால் அவர் கையொப்பத்தோடு அனுப்புங்கள்.

எங்கே அனுப்புவது? பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிடம் இருந்த சேவை ஆவணங்கள் 2022 முதல் கட்டங்கட்டமாக லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. ஆகவே முதலில் காப்பகத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள், அதற்குக் காசு இல்லை. அங்கே இல்லாவிட்டால் அமைச்சுக்கு விண்ணப்பம். பிறந்து 115 ஆண்டு கடந்தவரின் ஆவணம் காப்பகத்தில் திறந்திருக்கும். அதற்குக் குறைந்தால் இறப்பை நிரூபிக்க வேண்டும். அதிகாரியாக இருந்தவர் என்றால் இன்னொரு குறுக்குவழி உண்டு: போர்க்கால நேவி லிஸ்ட் தொகுதிகளை ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் அதிகாரிகளின் பெயர் மட்டுமே இருக்கும். சாதாரண மாலுமியை அங்கே தேடிக் கண்ணைக் கெடுக்காதீர்கள்.

தரகர் எவராவது ‘படகின் நாட்குறிப்பை எடுத்துத் தருகிறேன்’ என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 1940க்குப் பிறகு பெரிய கப்பல்களின் நாட்குறிப்புகள்தான் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்டன. றோலர், இழுவைப் படகு போன்றவற்றின் நாட்குறிப்பு மிஞ்சியிருக்க வாய்ப்புக் குறைவு.

நெடுங்கேணியிலிருந்து ஒரு வாசகர்: என் பெரியப்பா திருகோணமலையில் 1957 வரை நேவியில் வேலை செய்தவர். பென்சன் வரவில்லை. ஆவணம் கேட்டு எழுதினோம், அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தது. மறைக்கிறார்களா?

பதில்: இல்லை. கேட்ட இடம் பிழையாக இருக்கலாம். 1957 என்ற வருடமே சாடை காட்டுகிறது. திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியா இலங்கையிடம் கையளித்தது 1957 ஒக்டோபர் 15இல். அன்றோடு வேலை முடிந்தவர்கள் டொக்யாட், ஆயுதக் களஞ்சியம், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் ஆகியவற்றில் வேலை செய்த சிவிலியன் தொழிலாளராக இருக்கவே வாய்ப்பு அதிகம். திருமலை வழக்கில் அதுவும் ‘நேவி வேலை’தான். ஆனால் அவர்கள் கடற்படை வீரர்கள் அல்லர். சேவை இலக்கம் இராது, சேவைச் சான்றிதழ் இராது, மாலுமிகளின் பதிவில் பெயரும் இராது. வீட்டில் தேடவேண்டியது வேறு: படம் ஒட்டிய வாயில் அனுமதி அட்டை, சம்பளத் துண்டு, பணிக்கொடைக் கடிதம், தொழிற்சங்க அட்டை. சீருடையோடு படம், தரப் பட்டி, பதக்கம் ஏதாவது இருந்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள்.

ஓமந்தையிலிருந்து ஒரு மாணவி: பூட்டன் சீருடையில் நிற்கும் படம் இருக்கிறது. தொப்பியில் கப்பல் பெயர் இல்லை. வவுனியாவில் வேலை செய்தாராம். வவுனியாவில் எப்படி நேவி?

பதில்: தொப்பிப் பட்டியில் ஆங்கிலத்தில் எச்.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து மட்டும் இருந்தால் படம் போர்க்காலத்தது. எதிரிக்குத் தெரியக்கூடாதென்று கப்பல் பெயரை எடுத்துவிட்டார்கள். எழுத்தே இல்லாத, ஒருபக்கம் சாய்த்து வைக்கும் மடிப்புத் தொப்பி என்றால் அது நேவி அல்ல, விமானப்படையாக இருக்கலாம். வவுனியாவில் போர்க்காலத்தில் இருந்தது பிரித்தானிய விமானப்படையின் தளம். கடற்படைக்கும் இலங்கையில் விமானத்தளங்கள் இருந்தன: கட்டுக்குருந்தையில் உக்குஸ்ஸா, புத்தளத்தில் ராஜாலியா, சீனக்குடாவில் பம்பரா, கொழும்பு குதிரைப்பந்தயத் திடலில் பேருண்டா. இவையும் கப்பல் பெயர் தாங்கிய தரைதான். வவுனியா இந்தப் பட்டியலில் இல்லை. விமானப்படை என்று எடுத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்: எங்களிடம் பர்மா ஸ்டார் என்ற போர்க்காலப் பதக்கம் இருக்கிறது. பின்பக்கம் பெயர் இல்லை. போலியா?

பதில்: பெயர் இல்லாததால் போலி ஆகாது, பிரித்தானியா அந்தப் போருக்குக் கொடுத்த ஸ்டார்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. அதனாலேயே அது உங்கள் தாத்தாவுடையது என்பதற்கும் சான்றாகாது. எந்தக் கடையிலும் வாங்கலாம். சேவைத் திகதிகளோடுதான் பொருத்திப் பார்க்க வேண்டும். கடற்படையினருக்கு முதலில் 1939–45 ஸ்டார் வேண்டும். அதற்குப் பொதுவாக ஆறு மாதம் போர்க்கடலில், கப்பலில், இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு வங்காள விரிகுடாப் பக்கம் சேவை செய்திருந்தால் பர்மா ஸ்டார். எல்லைக்கோடு இலங்கையின் தென்முனையிலிருந்து 300 மைல் தெற்கே இறங்கிக் கிழக்கே சுமாத்திராவை நோக்கிப் போகிறது. ஆகவே பர்மா ஸ்டார் தனியாக, 1939–45 ஸ்டார் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் மற்றது தொலைந்திருக்கிறது, அல்லது இது பிறகு வந்து சேர்ந்தது. இலங்கைத் தொண்டர் சேமப்படையிலிருந்து துறைமுக வேலைக்குப் பர்மாவிலுள்ள அக்கியாப் சென்ற குழுக்கள் உண்டு. அக்கியாப் நேசப்படைகளின் கைக்கு மீண்டது 1945 ஜனவரியில். தாத்தா அதற்கு முன்பே சேவையிலிருந்து விலகியிருந்தால் அந்த வழி அடைபடும். போர்ப் பதக்கத்துக்கு 28 நாள் சேவை போதும். அது இருப்பதை வைத்துக் கடல் அனுபவத்தை எடைபோட வேண்டாம்.

விடத்தல்தீவிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பாட்டன் போர்க்காலத்தில் பிரித்தானியச் சரக்குக் கப்பலில் போனவர். நேவி ஆவணத்தில் தேடலாமா?

பதில்: கூடாது. வணிகக் கப்பல் வேறு, கடற்படை வேறு. 1939 முதல் 1950 வரையான ஆள் பட்டியல்கள் கியூ காப்பகத்தில் பி.டி. 381 என்ற தொகுதியில் இருக்கின்றன. அவை ஆளின் பெயரால் அல்ல, கப்பலின் பதிவு இலக்கத்தால் அடுக்கப்பட்டவை. கப்பல் பெயர் தெரிந்தால் லொயிட்ஸ் ரெஜிஸ்டர் என்ற கப்பல் விபரப் பதிவேட்டின் 1930 முதல் 1945 வரையான தொகுதிகளை இணையத்தில் பார்த்து இலக்கத்தை எடுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று கப்பல்கள் இருக்கும். கட்டிய வருடத்தையும் தொன் அளவையும் பார்த்துத் தெரியுங்கள். கப்பல் பெயரே தெரியாவிட்டால் பாட்டனின் டிஸ்சார்ஜ் புத்தகம் (அவர் போன கப்பல்களைப் பதிந்த கைப்புத்தகம்) கிடைக்கும்வரை காசு செலவழிக்க வேண்டாம்.